பதினைந்தாவது கோடு

பிப்ரவரியில் மழை பெய்தால் எனக்குக் கோபம் வரும். பனிச்சறுக்குப் போட்டிக்கு எட்டே நாள் இருக்கும்போது பெய்தால், மழையைத் திட்டிப் பயனில்லை என்று வீட்டில் இருப்பவரைத் திட்டுவேன். பிள்ளைகள் இருவரும் தலைநகர் தாலினுக்குப் போய்விட்ட பிறகு வீட்டில் இருப்பது என் கணவன் ரைவோ மட்டும்தான்.

அன்று காலையிலிருந்து அவன் பதினோரு தடவை வெப்பமானியைப் பார்த்துவிட்டான். அது சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஆணியில் தொங்குகிறது. வலது முழங்காலை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வருவான், குனிந்து பார்ப்பான், முன்னறைக்குப் போவான், அங்கே உட்கார மாட்டான், திரும்பி வருவான். மரத்தரையில் ஒரு காலடி அழுத்தமாகவும் அடுத்தது தேய்ந்தும் கேட்கும். அந்தச் சத்தத்தில் என்னால் நாலு உருளைக்கிழங்கைக்கூட நிம்மதியாகத் தோல் சீவ முடியவில்லை.

“எவ்வளவு?” என்றேன்.

“நாலு.”

“மைனஸா?”

“மைனஸா இருந்தா இப்படியா நிப்பேன்?”

“நீ பார்க்கப் பார்க்க அது இறங்கிடும்னு நினைப்பா? ஒரு இடத்துல உக்காரு. காலுக்காவது ஓய்வு கிடைக்கும்.”

“உக்காந்தா விறைச்சுக்குது.”

“நடந்தா வீங்குது. அப்ப தலைகீழா நில்லு.”

அவன் பன்னிரண்டாவது தடவை போய்ப் பார்த்தான்.

எங்கள் போட்டிக்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு, பதாகையில் எழுதியிருக்கும். எங்கள் ஊர் லெபசாலுவில் யாரும் அதைச் சொல்வதில்லை. முப்பது கிலோமீட்டர் என்பதால் ‘முப்பது’ என்போம். சோவியத் காலத்தில் அதற்கு ஏதோ ஒரு புரட்சித் தேதியின் பெயர் இருந்தது, அப்போதும் எங்களுக்கு முப்பதுதான். ஆரம்பித்து வைத்தவர்கள் மரம் அறுக்கும் மில்லின் தொழிலாளிகள். முதல் வருஷம் ஜெயித்தவருக்கு ரேடியோப் பெட்டி கொடுத்தார்கள். அவர் அதில் பின்லாந்து நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்ததும் அடுத்த வருஷத்திலிருந்து பூச்சாடியாக மாற்றிவிட்டார்கள். மரமில் மூடிவிட்டது, அந்த நாடே இல்லாமல் போய்விட்டது, முப்பது மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

அதை இருபத்தைந்து தடவை முடித்தவருக்கு ஒரு நிரந்தர எண் உண்டு. சாகும்வரை அந்த எண்ணை அவர்தான் நெஞ்சில் கட்டிக்கொண்டு ஓடலாம். செத்த பிறகும் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். கலாசார மன்றத்துச் சுவரில் முன்பு ஒரு பெரிய தலைவரின் படம் தொங்கியது. அதை இறக்கியதும் சுவரில் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது, பார்க்கவே அசிங்கமாக. அதை மறைக்கத்தான் முதல் எண்களைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். இப்போது பதினொன்று இருக்கின்றன. மூன்றாம் எண் சைபீரியாவிலிருந்து திரும்பி வந்த தபால்காரருடையது. பனியைக் கண்டாலே ஆகாது என்று சொல்லிக்கொண்டே மனிதர் இருபத்தேழு தடவை ஓடினார்.

ரைவோ முடித்திருந்தது இருபத்துநான்கு. வயது அறுபத்தொன்று. பட்டாளத்தில் இரண்டு வருஷம் போயிற்று. மரமில் மூடியபின் பின்லாந்தில் கட்டட வேலை பார்த்ததில் பல வருஷங்கள் விட்டுப்போயின. காலையில் கப்பலில் வந்து ஓடிவிட்டு, மாலையில் நனைந்த காலுறையோடு கப்பலேறிய வருஷங்களும் உண்டு. இருபத்துநான்காவது முடிந்தபின் இரண்டு குளிர்காலம் பனியே இல்லாமல் போட்டி நின்றுபோனது. இந்த மார்ச் பன்னிரண்டாம் தேதி அவனுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: புது முழங்காலோடு நடக்கலாம், நீந்தலாம், முப்பது கிலோமீட்டர் சறுக்க முடியாது. இந்த வருஷம் விட்டால் விட்டதுதான். இருபத்துநான்கு தடவை ஓடியவனுக்கு எங்கள் ஊரில் ஒன்றும் கிடையாது.

திங்கட்கிழமை பனிச்சறுக்குச் சங்கத் தலைவர் ஊர்மஸ் கூட்டம் போட்டார். எங்கள் ஊரில் கூட்டம் என்றால் நாற்பது பேர் உட்கார்ந்து தரையைப் பார்ப்பது. கால் மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்குக் காலெல்லாம் குறுகுறுத்தது. கடைசியில் ஊர்மஸே பேசினார்.

“குவியலைத் திறந்துடலாம்.”

மைதானத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு பனிக்குவியல் உண்டு. போன ஜனவரியில் இயந்திரம் வைத்துச் செய்த பனி. மேலே ஒரு முழத்துக்கு மரத்தூள் போர்த்திக் கோடையெல்லாம் காப்பாற்றி வைத்திருந்தோம். ஜூலையில் அதன் நிழலில் சாய்ந்து பீர் குடிப்பவர்களை நானே விரட்டியிருக்கிறேன்.

“எவ்வளவு தூரத்துக்கு வரும்?” என்றார் ஒருவர்.

“ரெண்டு கிலோமீட்டர் வளையம். பதினஞ்சு சுத்து.”

“அணில் கூண்டுல ஓடற மாதிரி.”

“கூண்டு வேணாம்னா வீட்லயே இரு,” என்றார் ஊர்மஸ். 

சுற்றை எண்ணுவது யார் என்ற கேள்வி வந்தது. காலில் கட்டும் கருவியை வைத்து எண்ணித் தரும் ஆட்கள் அந்த ஞாயிறு வேறொரு ஊர்ப் போட்டிக்குப் போகிறார்களாம்.

“பாட்டுக்குழு எண்ணட்டும்,” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். “பாட்டுத் திருவிழாவுல நாள் முழுக்க மழையில நிக்கிறாங்க. அவங்களுக்குத்தான் பழக்கம்.”

குழுவில் நாங்கள் பதினாலு பெண்கள். ஓடப்போவது எண்பத்துநாலு பேர். ஆளுக்கு ஆறு பேர் என்று பிரித்துக்கொண்டோம். விதி எளிது. சுற்று முடிந்து எங்களைக் கடக்கும்போது ஓடுபவர் தன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எண்ணுபவள் அதைத் திருப்பிச் சொல்லித் தாளில் ஒரு கோடு போட வேண்டும். தாளில் இருப்பதே முடிவு. சொந்தக்காரரை எண்ணக்கூடாது என்றும் ஒரு விதி எழுதினார்கள். சனிக்கிழமையே அது உடைந்தது. ரைவோவை எண்ண வேண்டிய ஹில்யா காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஊர்மஸ் நேராக நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வந்தார்.

“மாரெட், அவனை நீயே எண்ணிடு.”

“என் புருஷனை நானா? ஊர் என்ன சொல்லும்?”

“ஊரைக் கேட்டுட்டுத்தான் வர்றேன். நீன்னா சரியாம். அவனுக்காக நீ அரைக் கோடு கூடச் சேர்த்துப் போட மாட்டியாம்.”

அதைக் கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, மறைப்பானேன். இருபத்தெட்டு வருஷமாக இந்த ஊருக்கு மாத்திரை எண்ணிக் கொடுப்பவள் நான். ஒன்று கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை. புருஷனை எண்ணப் பொண்டாட்டியை வைக்கிற ஊர் உலகத்தில் வேறெங்காவது இருக்குமா என்று அன்று நான் யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை வெப்பமானி பூஜ்யத்தில் நின்றது. மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று விழுந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பழுப்புப் புல். நடுவே மரத்தூள் கலந்து அழுக்கேறிய பனித்தடம் மைதானத்தை ஒட்டிப் போய், தேவதாரு மரங்களுக்குப் பின்னால் மறைந்து, மறுபக்கம் வெளியே வந்தது. நாங்கள் நீள மேஜைக்குப் பின்னால் வரிசையாக நின்றோம். பக்கத்து மேஜையில் சுடச்சுட புளூபெர்ரி சூப், கறுப்பு ரொட்டி, உப்பில் ஊறிய வெள்ளரிக்காய். என் இடது பக்கம் நூலகத்தில் வேலை பார்க்கும் சில்வி. பத்து மணிக்கு ஊர்மஸ் கொடியை இறக்கினார்.

ரைவோவுக்கு அன்று எண் நாற்பத்தாறு. முதல் சுற்றில் மற்றவர்கள் வந்தார்கள். “அறுபது!” “பதினேழு!” நாங்கள் திருப்பிக் கத்தினோம். ரைவோ வந்தான். பென்சிலோடு காத்திருந்தேன். அவன் என்னைப் பார்த்து, உந்திச் சறுக்கும் ஊன்றுகோல்களில் வலதை ஒரு விரல் அளவு தூக்கினான், போய்விட்டான். கட்டிய பொண்டாட்டியைப் பார்த்து ‘நாற்பத்தாறு’ என்று எந்த மனிதன் கத்துவான்? நானும் ஒன்றும் சொல்லாமல் கோடு போட்டேன். வேறு யாராவது அப்படிப் போயிருந்தால் தடத்தில் குதித்து நிறுத்தியிருப்பேன்.

“உன் ஆளு ஊமையா?” என்றாள் சில்வி.

“வீட்லயும் அப்படித்தான்.”

“எங்க வீட்லயும் அதே சரக்குதான்.”

ஒவ்வொரு சுற்றும் அப்படியே போனது. ஊன்றுகோல் ஒரு விரல், தாளில் ஒரு கோடு. எனக்கு நிற்கப் பிடிக்கவில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். அவன் மரங்களுக்குப் பின்னால் போய் மறைந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், மறுபக்கம் தலை தெரிந்ததும் விடுவேன். ஆறாவது சுற்றில் வலது காலைத் தள்ளுவதை விட்டுவிட்டுக் கைகளாலேயே உந்த ஆரம்பித்தான். எட்டாவதில் முகம் சாம்பலாக இருந்தது. சூப்பைக் கூட வாங்கவில்லை.

பதினொன்றரை மணி இருக்கும். எங்கள் மேஜைக்கு நேர் எதிரே, தடம் கரைந்து மரத்தூள் வெளியே தெரிந்த இடத்தில், மழலையர் பள்ளி ஆசிரியை கெர்து குப்புற விழுந்தாள். அவளும் என் ஆறு பேரில் ஒருத்தி. ஊன்றுகோல் இரண்டாக முறிந்தது. எழுந்திருக்க முடியாமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பென்சிலை வாயில் கவ்விக்கொண்டு ஓடினேன். காலிலிருந்து சறுக்குப் பலகைகளை விடுவித்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். அந்த நேரத்தில் என் ஆட்கள் இருவர் “பதினேழு!” “எண்பத்தொன்று!” என்று கத்திக்கொண்டு போனார்கள். ஞாபகம் வைத்துக்கொண்டு வந்து அவர்களுக்குக் கோடு போட்டேன். ஊன்றுகோல் இரவல் வாங்கிக் கொடுத்ததும் கெர்து மறுபடி ஓடப் போனாள்.

ஒரு மணி இரண்டு நிமிஷத்துக்கு ரைவோ வளையத்திலிருந்து பிரிந்து முடிவுக் கோட்டுப் பக்கம் திரும்பினான். கோட்டைத் தாண்டி நின்று, இரண்டு ஊன்றுகோலிலும் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டான். கையுறை போட்ட கைகள் தட்டின. ஊர்மஸ் தன் மேல்கோட்டுப் பையிலிருந்து புது எண்ணை எடுத்தார். பன்னிரண்டு என்று பெரிதாகவும் கீழே அவன் பெயர் சின்னதாகவும் அச்சடித்திருந்தது.

நான் தாளைப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன். பதினாலு.

“மாரெட், தாளைக் குடு,” என்றார் ஊர்மஸ்.

சில்வி என் காதருகே குனிந்தாள். “போட்டுடு.”

“என்னது?”

“ஒரு கோடுதானே. போட்டுடு, மாரெட்.”

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. என்னைப் போய் இவள் இப்படி நினைத்துவிட்டாளே என்று பற்றிக்கொண்டு வந்தது.

“வாயை மூடு,” என்றேன். மூடிக்கொண்டாள்.

கெர்து விழுந்த நேரம் என் நினைவுக்கு வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அப்போது நான் தடத்தைப் பார்க்கவில்லை, சத்தமில்லாமல் ஒருவன் கடந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் தாள் பதினாலு என்றது. எண்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரைக் கோடு கூடச் சேர்த்துப் போட மாட்டாள் என்று என்னை நம்பிய எண்பது பேர்.

“ஒண்ணு பாக்கி இருக்கு,” என்றேன் ரைவோவிடம்.

கைத்தட்டல் நின்றுபோனது. அவன் நிமிர்ந்து என்னையே பார்த்தான். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். மற்றவர்களும் காத்திருந்தார்கள்.

“எவ்வளவு நேரம் இருக்கு?” என்று ஊர்மஸைக் கேட்டான்.

“ஒன்றரைக்கு மூடிடுவோம். இருபத்தேழு நிமிஷம்.”

தலையை ஆட்டினான். பலகைகளைத் திருப்பிக்கொண்டு போனான்.

ஒரு சுற்றுக்கு அவனுக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். ஒன்றேகாலுக்கு அவன் மறுபக்கம் வெளியே வரவில்லை. நான் மேஜையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். சூப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தேன், மூடினேன். என் மற்ற ஆறு பேரும் எப்போதோ முடித்துவிட்டார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒன்று இருபதுக்கு மரங்களின் ஓரத்தில் அவன் தலை தெரிந்தது. வலது காலைத் தூக்கவே இல்லை, பலகையோடு இழுத்து வந்தான். எதிரே வந்ததும் முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கத்தினான்.

“நாப்பத்தாறு!”

“நாப்பத்தாறு,” என்று சொல்லிப் பதினைந்தாவது கோட்டைப் போட்டேன். மணி ஒன்று இருபத்தேழு.

சாயங்காலம் கலாசார மன்றத்தில் பட்டாணி சூப்போடு விழா நடந்தது. அவன் சுவரில் சாய்ந்து நின்றுதான் எண்ணை வாங்கினான். படம் எடுத்தார்கள். ஊர்மஸ் என் கையைக் குலுக்கி, “உன்னைப் போட்டது நல்லதாப் போச்சு,” என்றார். அன்றும் எனக்கு உச்சி குளிரத்தான் செய்தது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியிலேயே உள்ளுக்குள் அரிக்க ஆரம்பித்துவிட்டது.

அடுத்த ஒன்பது நாளும் எனக்கு ஒரு வேலை ஓடவில்லை. மாத்திரைப் பட்டைகளை எண்ணுவேன், நம்பிக்கை வராது, மறுபடி எண்ணுவேன். பாட்டுப் பயிற்சியில் தப்பான இடத்தில் ஆரம்பித்தேன். ரைவோவின் முழங்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் பரிசோதிக்கப் போனபோது டாக்டர் ஒரு தசைநார் கிழிந்திருப்பதாகச் சொல்லி, வீக்கம் வடியட்டும் என்று தேதியை மே மாதத்துக்குத் தள்ளிவிட்டார். என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு “கொஞ்சம் ஓடினேன்” என்றானாம் இவன்.

பத்தாவது நாள் கெர்து கடைக்கு வந்தாள், மணிக்கட்டில் கட்டோடு, வலிக்குத் தடவும் களிம்பு வாங்க.

“ரைவோவுக்கு என் நன்றியைச் சொல்லுங்க,” என்றாள்.

“எதுக்கு?”

“அன்னைக்கு என் மேல ஏறாம போனதுக்குத்தான். நீங்க என்னைத் தூக்கிட்டு இருந்தீங்களே, அப்ப உங்க முதுகை ஒட்டித்தான் போனார். தடத்தை விட்டு இறங்கி, அந்தக் காலை வச்சுக்கிட்டு, புல்லுமேல நாலு அடி நடந்து, திரும்ப ஏறினார். எனக்கே பாவமா இருந்துச்சு.”

களிம்பை எடுத்துக் கொடுத்தேன். மீதிச் சில்லறையைக் கொடுத்தேனா என்று நினைவில்லை. கதவில் ‘பத்து நிமிஷத்தில் வருகிறேன்’ அட்டையை மாட்டிவிட்டு நூலகத்துக்கு ஓடினேன். சில்வி புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“கெர்து விழுந்தப்ப ரைவோ கடந்து போனதை நீ பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“பார்த்தியா?”

“நான் மட்டுமா? இந்தப் பக்கம் நின்னவங்க மூணு பேரும் பார்த்தோம். அதான் போட்டுடுன்னு சொன்னேன்.”

“பார்த்தேன்னு சொல்ல வேண்டியதுதானே. கள்ளக் கோடு போடச் சொல்றேன்னு நினைச்சேன்.”

சில்வியின் முகம் சிவந்தது. “நீ அப்படி எடுத்துப்பேன்னு நான் என்ன கனவா கண்டேன்? வாயை மூடுன்னே. மூடிட்டேன்.”

“ரெண்டு கிலோமீட்டர், சில்வி. அந்தக் காலோட.”

“அது உன் தாள், மாரெட். அடுத்தவ தாள்ல நான் எப்படிக் கை வைக்கிறது?”

எங்கள் ஊரில் ஒரு வீடு பற்றி எரிந்தால்கூட, வீட்டுக்காரர் முதலில் பார்க்கட்டும் என்று நிற்பார்கள். அவளைக் கன்னாபின்னாவென்று திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் இடத்தில் நான் நின்றிருந்தால் அவள் சொன்ன ஒற்றை வார்த்தையைக்கூட நான் சொல்லியிருக்க மாட்டேன் என்று தெரிந்தது. வெளியே வந்தேன். கடைக்குப் போகவில்லை, வீட்டுக்குப் போனேன்.

ரைவோ சமையலறை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முழங்காலில் உறைந்த பட்டாணிப் பொட்டலம்.

“பதினாறு,” என்றேன் வாசலில் நின்றே.

அவன் நிமிரவில்லை.

“பதினாறு சுத்து ஓடியிருக்கே. உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“நீ ஒண்ணு பாக்கின்னப்பவே. இருபத்தஞ்சாவது முப்பது. எண்ணாம எவன் ஓடுவான்?”

“அப்ப வாயில என்ன வச்சிருந்தே? பதினஞ்சு முடிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?”

யோசித்தேன். “போட்டிருப்பேன்.”

“அதான். புருஷன் சொன்னான், பொண்டாட்டி போட்டா. ஊரே பார்க்க.” பட்டாணிப் பொட்டலத்தைத் திருப்பி வைத்தான். “அப்புறம் மருந்து வாங்கிட்டுப் போறவன் வீட்ல உக்காந்து மாத்திரையைத் திருப்பி எண்ணுவான்.”

“எண்ணிட்டுப் போறான்.”

“உனக்குத் தாங்காது, மாரெட். எனக்கு ரெண்டு கிலோமீட்டர்தான்.”

வாழ்நாளில் அவன் என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது குறைவு. எனக்கு வந்த கோபத்தில் மேஜைமேல் இருந்த ரொட்டிக் கத்தியை எடுத்துப் பெட்டிக்குள் எறிந்தேன். முட்டாள், கல்லுளிமங்கன், கழுதை என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். திட்டத் திட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று அந்த மேஜைக்கு முன்னால் அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, ‘நீ எத்தனை முடிச்சே?’ என்று நான் கேட்டிருக்கலாம். மூன்று வார்த்தை. வேறு எவனாக இருந்தாலும் கேட்டிருப்பேன். அவன் என் புருஷன் என்பதால் கேட்கவில்லை. அவன் கால் போனாலும் என் பெயர் இருக்கட்டும் என்று நான் நினைத்திருக்கிறேன், அவனும் அதையேதான் நினைத்திருக்கிறான்.

“நாளைக்கு ஊர்மஸ்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்,” என்றேன். “தப்பா எண்ணினேன்னு.”

“சொல்லு.”

“ஊருக்கே சொல்லுவேன்.”

“சரி. இப்ப கோட்டைக் கழட்டு.”

கழற்றினேன். பட்டாணி உருகி, முழங்காலிலிருந்து தண்ணீர் வடிந்து தரையில் தேங்கியிருந்தது. உறைபெட்டியில் பட்டாணி தீர்ந்துபோயிருந்ததால் கேரட் பொட்டலத்தை எடுத்து வந்து துணி சுற்றி வைத்தேன். வைக்கும்போது அவன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தான். கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷம் ஆகிறது. இந்தக் கேள்வியை நான் அவனிடம் கேட்டதே இல்லை. கேட்டாலும் இல்லையென்றுதான் சொல்வான் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன்.

“வலிக்குதா?”

“வலிக்குது,” என்றான் உடனே. பிறகு, “அந்தக் கடைசிச் சுத்துல மரத்துக்குப் பின்னாடி நின்னு அழுதேன். மூணு நாலு நிமிஷம் இருக்கும். அதான் அவ்வளவு நேரம் ஆச்சு,” என்றான்.

அந்த மூன்று நாலு நிமிஷமும் நான் பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து அவன் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.